துபாயில் வாங்கிய ஐபோன் 13: நாலு வருடப் பயன்பாடும் ஒரு டாலர் கணக்கும்

முதலில் போனைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதில் குறை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 2022 ஏப்ரலில் கைக்கு வந்த ஐபோன் 13, 128 ஜிபி மாடல். இன்றுவரை என்னிடம் இருக்கும் ஒரே போன் இதுதான். திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர் (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் ஆள்) வேலை பார்க்கிறேன். காலையில் ஃபேக்டரிக்குள் நுழைந்தது முதல் ராத்திரி எங்களிடம் ஆடை வாங்கும் ஜெர்மனி பையர் கடைசி மெயிலை அனுப்பும்வரை வாட்ஸ்அப், மெயில், துணி போட்டோ, எக்ஸெல் என்று எல்லாம் இதில்தான் ஓடுகிறது. ஏ15 சிப்பின் வேகம் இன்னும் போதுமானதாக இருக்கிறது. நாலு ஜிபி ரேம்தான் வயதைக் காட்டுகிறது. கேமராவைத் திறந்து நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், பாதி டைப் செய்த மெயில் முதலிலிருந்து லோடு ஆகும். ஐஓஎஸ் 26 வந்த பிறகு இது கொஞ்சம் கூடியிருக்கிறது. அதில் வந்த, கண்ணாடிபோல் தெரியும் டிசைன் எனக்குப் பிடிக்கவில்லை. செட்டிங்ஸில் போய் ஒளிபுகும் தன்மையைக் குறைத்து வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நிட்டிங் (துணி பின்னும் இடம்) பக்கம் அடிக்கடி போய்வருகிற ஆளாக இருந்தால் சார்ஜிங் போர்ட்டைக் கவனியுங்கள். சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருக்கும் பஞ்சுத் தூசி லைட்னிங் போர்ட்டுக்குள் போய், கேபிளைச் சொருகச் சொருக அடியில் அமுங்கி, கெட்டியான ஒரு பட்டையாகிவிடும். பிறகு கேபிள் கடைசிவரை உட்காராது, சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். போர்ட் போய்விட்டது, மாற்றவேண்டும் என்று கடையில் சொல்வார்கள். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறிப் பாருங்கள். என் போனிலிருந்து சாம்பல் நிறத்தில் அரிசி அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. அதன்பிறகு கேபிள் 'டக்'கென்று உட்கார்ந்தது. ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், உள்ளே இருக்கும் பின்களைக் கீறிவிடும்.

இன்னொன்று, லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) ஷேட் பார்க்க இந்தத் திரையை நம்பாதீர்கள். ட்ரூ டோன் ஆனில் இருந்தால் அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும். நேவியும் கருப்பும் ஒன்றுபோலவே தெரியும். ட்ரூ டோனை அணைத்துவிட்டு, லைட் பாக்ஸுக்குள் (நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டி) துணியை வைத்துத்தான் படம் எடுக்கிறேன். அப்படியும் பையர் கடைசியில் கூரியரில் துணியைத்தான் கேட்பான், அது வேறு கதை.

ஐபோன் 13 பேட்டரி 500 சார்ஜ் சுற்றுகளில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. என்னைப்போல் தினம் முழுச் சார்ஜ் தீர்க்கிறவனுக்கு அது ஒன்றரை வருடக் கணக்கு. என் பேட்டரி அதைத் தாண்டியும் ஓடியது. மூன்றாம் வருடத்தில் மாற்றினேன். போனின் கதை அவ்வளவுதான். இனி விலைக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அக்கா வீட்டு மச்சான் துபாயில் இருக்கிறார். அங்கே வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் போட்டிம் ஆப்பில்தான் பேசுவோம். 2022 பிப்ரவரியில் ஒருநாள் பேசும்போது, "மாப்ள, இங்க 3,399 திர்ஹாம் போட்டிருக்கான், அங்க எவ்வளவு?" என்று கேட்டார். இங்கே 79,900. அன்றைக்கு ஒரு திர்ஹாம் சுமார் 20 ரூபாய் 40 காசு. பெருக்கினால் 69,300 வருகிறது. பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். தன் போனாகவே வாங்கி இரண்டு மாதம் பயன்படுத்தி, ஏப்ரல் லீவுக்கு வரும்போது என்னிடம் கொடுத்துவிட்டார். பணத்தை அக்காவிடம் கொடுத்தேன். மாடல் எண் ஏ2633, இந்தியாவில் விற்றதும் அதே எண்தான். ஒரு நானோ சிம், ஒரு இ-சிம். ஜியோ, ஏர்டெல் 5ஜி வந்தபோதும் எந்தத் தடங்கலும் இல்லை.

கேட்கிற எல்லோரிடமும் 'பத்தாயிரம் மிச்சம்' என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பத்தாயிரம் எதையெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்த கணக்கு என்று பாருங்கள். புதுப் பெட்டியாகக் கொண்டுவந்திருந்தால், பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கான அப்போதைய பேகேஜ் விதியில் 50,000 ரூபாய் வரைதான் வரி கிடையாது, அதற்கு மேலே போகும் தொகைக்கு 38.5 சதவீதம். 19,300-க்கு 7,400 ரூபாயைச் சுங்கத்தில் கட்டியிருந்தால் அடக்கவிலை 76,700. இங்கே வாங்கினால் கார்டு கேஷ்பேக் உண்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடலாம், வட்டியில்லாத இஎம்ஐ போடலாம். துபாய்க் கடையில் இதெல்லாம் எனக்கு இல்லை, மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் புரட்டவேண்டும். அதோடு 2022 செப்டம்பரில் ஐபோன் 14 வந்ததும் 13-இன் அதிகாரபூர்வ இந்திய விலை 69,900 ஆகிவிட்டது. ஐந்தே மாதத்தில், நான் கொடுத்த அதே காசுக்கு, ஜிஎஸ்டி பில்லோடு பக்கத்துக் கடையில் கிடைத்தது.

ஜிஎஸ்டி பில் என்றதும் எனக்கு வயிறு எரிகிற ஒன்று உண்டு. எங்கள் முதலாளியும் அதே போனை இங்கேதான் வாங்கினார், கம்பெனி பெயரில். 79,900-க்குள் 18 சதவீத ஜிஎஸ்டி 12,188 ரூபாய். தொழிலுக்கு என்று வாங்குவதால் அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது கம்பெனி கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொண்டார். ஆக அவருக்குப் போன் 67,700. துபாயில் வாங்கிய என் விலையைவிடக் குறைவு! சம்பளக்காரன்தான் முழு வரியையும் சுமக்கிறான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது போனுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2020 ஏப்ரலில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18-க்கு இறக்கினார்கள், போன் அதே 18-இல் நிற்கிறது. ஏசி வாங்குகிறவனும் போன் வாங்குகிறவனும் இப்போது ஒரே படியில். ஏசி இல்லாமல் வேலைக்குப் போய்விடலாம், போன் இல்லாமல் கேஸ் சிலிண்டர்கூட பதிய முடியாது.

'அமெரிக்காவில் 799 டாலர், நம்மிடம் மட்டும் கொள்ளை' என்று எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. அமெரிக்காவில் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது, நம் எம்ஆர்பியில் வரி உள்ளே இருக்கும். ஒப்பிடுவதானால் வரியைக் கழித்துவிட்டு ஒப்பிடவேண்டும். ஐபோன் 13 வந்தபோது அங்கே சிம் ஒப்பந்தமில்லாமல் 829 டாலர். அன்றைய 73 ரூபாய் 50 காசுக் கணக்கில் சுமார் 61,000. இங்கே வரி போக 67,700. ஆறேழு ஆயிரம் நம்மிடம் கூடுதலாக வாங்கினார்கள், சரி. இப்போது ஐபோன் 17-ஐப் பாருங்கள். 2025 செப்டம்பரில் 799 டாலர், டாலர் 88 ரூபாய். பெருக்கினால் 70,300. இந்திய விலை 82,900, வரி போக 70,250. வித்தியாசமே இல்லை! துபாயிலும் அதே 3,399 திர்ஹாம்தான், ஆனால் திர்ஹாம் 24 ரூபாய் ஆகிவிட்டதால் 81,600. டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியபின் பார்த்தால் துபாய் விலை 83,000-க்கு மேல். இங்கே வாங்குவதுதான் மலிவு.

இதற்கு நம் ஊரில் விலை குறைந்ததா காரணம்? இல்லை. ஐபோன் 12 முதல் 16 வரை ஐந்து தலைமுறைக்கும் ஆரம்ப விலை 79,900. அதற்குள் ரூபாய் 73-லிருந்து 84-க்கு இறங்கிவிட்டது. இங்கே விலைச் சீட்டு அப்படியே நிற்க, ரூபாய் இறங்க இறங்க துபாய் விலை ஏறி நம் விலையை எட்டிப் பிடித்துவிட்டது. திர்ஹாமை 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். டாலர் ஏறினால் திர்ஹாமும் கூடவே ஏறும். மச்சான் கிளம்பும்போது எல்லோரும் கொடுக்கும் போன் லிஸ்ட் இதனால்தான் இப்போது சுருங்கிப்போனது.

ப்ரோ மாடல் மட்டும் விதிவிலக்கு. அதே 2025 செப்டம்பரில் 17 ப்ரோ இங்கே 1,34,900, வரி போக 1,14,300. அமெரிக்காவில் 1,099 டாலர், அதாவது 96,700. துபாயில் 4,699 திர்ஹாம், 24 ரூபாய்க் கணக்கில் 1,12,800. நம் கடை விலைக்கும் துபாய் விலைக்கும் இருபத்திரண்டாயிரம் இடைவெளி. காசுள்ளவன் வாங்குவான் என்று தெரிந்து வைக்கிற விலை இது என்பது என் எண்ணம். இத்தனைக்கும் ப்ரோவையும் இப்போது இந்தியாவிலேயே அசெம்பிள் செய்கிறார்கள். 2024 பட்ஜெட்டில் போன் இறக்குமதி வரியை 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைத்தபோது ப்ரோ விலையைக் கொஞ்சம் இறக்கினார்கள். அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் செய்கிற போன் ஸ்ரீபெரும்புதூரில் ஏன் மலிவாக இல்லை என்று என் தம்பி கேட்பான். சிப், திரை, கேமரா எல்லாம் டாலரில் வருகின்றன. இங்கே நடப்பது பெரும்பாலும் அசெம்பிளி. எங்கள் தொழிலுக்கு நேரெதிர் இது. பஞ்சு, நூல், தையல் என்று ரூபாயில் செலவு செய்து டாலரில் விற்கிறோம். டாலர் ஏறினால் திருப்பூரில் முதலாளிகளுக்கு முகம் மலரும், எங்களுக்குச் சம்பளம் அதே ரூபாயில்தான். 2025-இல் அந்தச் சந்தோஷமும் போனது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன, ஷிப்மென்ட்கள் கிடந்தன. அதே சமயம் ஸ்மார்ட்போனுக்கு மட்டும் விலக்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஐபோன் வரியில்லாமல் அமெரிக்கா போய்க்கொண்டிருந்தது, எங்கள் டி-ஷர்ட்டுக்குப் பாதி விலை வரி. அந்த மாதங்களில் கையில் இருந்த போனைப் பார்க்கவே எனக்குக் கடுப்பாக இருந்தது.

நாணயம் விழுந்தால் யாரையும் விடாது. ஜப்பானில் ஐபோன் 13-ஐ 98,800 யென்னுக்கு வெளியிட்டார்கள். யென் சரிந்ததும் 2022 ஜூலை 1 அன்று அதே போன் 117,800 யென். புது மாடல்கூட இல்லை, அலமாரியில் இருந்த பழைய மாடலுக்கே இந்த ஏற்றம். துருக்கியில் 2021 நவம்பரில் லிரா சரிந்தபோது ஆன்லைன் விற்பனையையே நிறுத்தி, விலையை ஏற்றிவிட்டுத்தான் திறந்தார்கள். அந்த வகையில் ஐந்து வருடம் 79,900-இல் நின்ற நம் விலைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் டாலர்மேல் போட்டுவிட முடியாது. ஒன்பிளஸ் ஒன் 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது 21,999 ரூபாய். அப்போது டாலர் 63, ஆக 349 டாலர். அமெரிக்க விலையும் அதேதான். 2025 ஜனவரியில் ஒன்பிளஸ் 13 வந்தது 69,999-க்கு. பழைய 349 டாலரையே 86 ரூபாயால் பெருக்கினாலும் 30,000தான் வருகிறது. கூடிய விலையில் எட்டாயிரம், நம் நாணயம் சரிந்ததால் வந்தது. மீதி நாற்பதாயிரம் டாலரிலேயே ஏறிய விலை. பெரிய சென்சார், கூடுதல் ரேம், 5ஜி மோடம் எல்லாம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் '21,999-க்கு ஃபிளாக்ஷிப்' (கம்பெனியின் உச்ச மாடல்) என்று நம்மைப் பழக்கிய கம்பெனிகள் பத்து வருடத்தில் அந்தப் படியையே எடுத்துவிட்டன. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலையும் எகிறுகிறது. ஏஐ சர்வர்களுக்கே சிப் போவதால், பதினைந்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில்தான் அடி பலமாக விழுகிறது. அந்த விலையில் லாபமே மெல்லிசு.

விலை ஒன்றாகிவிட்டது என்றேனே, சம்பளம் ஒன்றாகவில்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து ஏறவேயில்லை. அந்தக் கூலியிலும் 110 மணி நேரம் உழைத்தால் 799 டாலர். எட்டு மணி நேரக் கணக்கில் 14 நாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 82,900-க்கு 247 நாள். வருடத்துக்கு நூறு நாள்தான் வேலை என்றால் இரண்டரை வருடம். எங்கள் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள் எவரும் ஐபோன் கேட்கவில்லை, அவர்கள் கேட்பது பதினைந்தாயிரம் ரூபாய் போன். அதற்கும் மாதம் ஆயிரத்துச் சொச்சம் இஎம்ஐ. ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சாதாரண ஐபோன் என்றால் துபாய்க்காரர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். இங்கேயே பில்லோடு வாங்குங்கள். புது மாடல் வந்த வாரத்தில் பழைய மாடலை வாங்கினால் பத்தாயிரம் குறைவு. தொழில் செய்து ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ப்ரோதான் வேண்டும் என்றால் வெளிநாட்டு விலை இன்னும் கணக்குக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் வாங்கினால் ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். திர்ஹாமையும் அன்றைய ரேட்டில் பெருக்காதீர்கள், கார்டில் போட்டால் வங்கி எடுக்கும் ரேட் வேறு.

நான் இப்போதைக்கு மாற்றவில்லை. ஐஓஎஸ் அப்டேட் நிற்கும்வரை 13 ஓடட்டும்.