26 பவுண்ட்ஸ் காபன் மொனொக்சைட் அலாரம்: மூன்று குளிர்காலப் பாவனைக்குப் பிறகு

காபன் மொனொக்சைட் என்பது காஸ் சரியாக எரியாதபோது உண்டாகும், நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. அது வீட்டுக்குள் சேர்ந்தால் கத்துவதும், எவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டுவதும்தான் இந்தப் பெட்டியின் வேலை. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இதன் திரையில் வெளிச்சம் இல்லை. இரவில் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றால் போன் டோர்ச்சைப் பிடிக்க வேண்டும். பரிசோதனைப் பொத்தானை அழுத்தினால் அது போடும் கத்தலில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து கத்துகிறது. மற்றபடி இந்த வெள்ளைப் பெட்டிமீது எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

நாங்கள் இருப்பது லண்டன் ஹரோவில், 1930களில் கட்டிய வீடு. வாங்கும்போது குசினிச் சுவரில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் ஒரு பழைய காஸ் பொயிலரும் சேர்ந்து வந்தது. இப்போது வரும் பொயிலர்கள் எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுகின்றன. எரியும் அறை இறுக மூடியிருக்கும். எங்களுடையது அப்படியில்லை. குசினிக் காற்றையே எடுத்து எரித்து, புகையைக் கூரைக்குப் போகும் குழாயில் தானாக மேலேற விடும் பழைய வகை. அதற்காகச் சுவரில் கிறில் போட்ட காற்றுத்துளை ஒன்று இருந்தது. மூடக்கூடாத துளை.

அலாரம் வாங்கியது பெரிய முன்யோசனையால் அல்ல. பல்ப் வாங்கப் போன கடையில் கண்ணில் பட்டது. 17 பவுண்ட்ஸுக்குச் சத்தம் மட்டும் போடும் ஒன்று, 26க்கு எண்ணும் காட்டும் ஒன்று. நான் கணக்கு வேலை செய்கிறவன். எண் இருந்தால்தான் மனம் ஆறும். அந்த 9 பவுண்ட்ஸ் வித்தியாசம்தான் இந்த விமர்சனம் முழுவதும்.

அரிசி ரின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கையேட்டை வாசித்த பிறகுதான் அது பிழை என்று தெரிந்தது. பொயிலர் இருக்கும் அறையிலேயே, அதிலிருந்து 1 முதல் 3 மீற்றர் தூரத்தில், சுவரில் என்றால் கூரைத்தட்டுக்குக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் கீழே, ஜன்னல் கதவுகளின் உச்சிக்கு மேலே இருக்க வேண்டும். அலுமாரிக்குள்ளோ அடுப்புக்கு நேர் மேலேயோ கூடாது. மாற்றி அடித்தேன். பல மாதம் 0 என்றே காட்டியது. பார்ப்பதையே மறந்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. அம்மா மீன் பொரிக்கிறார், புகை இழுக்கும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, குளிருக்கு ஜன்னல் எல்லாம் பூட்டு. தேத்தண்ணி போடப் போன நான் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். 38. பெட்டி கத்தவில்லை.

பழுது என்றுதான் நினைத்தேன். பழுதில்லை. இந்த அலாரங்களுக்கான ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி, 30 பிபிஎம், அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 30 பங்கு, இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அது கத்தவே கூடாது. 50 என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்தும். 100 என்றால் 10 முதல் 40 நிமிடம். 300க்கு மேல் போனால் மூன்று நிமிடத்துக்குள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் கத்தி மனிசரை வெறுக்க வைக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு, நியாயம்தான். ஆனால் 17 பவுண்ட்ஸ் பெட்டி என்றால் அன்றைக்கு நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரீவி பார்க்கப் போயிருப்பேன். பின்னால் உள்ள பொத்தானை அழுத்தினால் இதுவரை தொட்ட உச்ச அளவையும் காட்டும். அழுத்தினேன். 46. ஆகவே இது முதல் நாள் இல்லை.

பொயிலரை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், காஸ் அவசர இலக்கத்துக்கு அடித்தேன். 0800 111 999. இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள், காசு இல்லை. வந்தவர் பொயிலருக்கான காஸை மூடி, பாவிக்கக் கூடாது என்று துண்டு ஒட்டிவிட்டுப் போனார். திருத்துவது அவர்கள் வேலை இல்லை. காஸ் வேலை செய்யச் சட்டப்படி தேவையான ‘காஸ் சேஃப்’ பதிவுள்ள ஒருவரை நாங்கள்தான் பிடிக்க வேண்டும்.

அன்றிரவு ஹீற்றர் இல்லாமல் கம்பளிக்குள் இருந்து யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பொயிலரின் சின்னக் கண்ணாடியில் தெரியும் சுவாலை நல்ல நீலமாக, விறைப்பாக நிற்க வேண்டும். எங்களுடையது சில கிழமைகளாக நுனி மஞ்சளாகி ஆடிக்கொண்டிருந்தது. குத்துவிளக்கு மாதிரி இருக்கிறது என்று ரசித்திருக்கிறேன்! பொயிலர் மூடிக்கு மேல் சுவரில் கபிலமாகக் கறை. அம்மா அதைப் பொரியல் எண்ணெய் என்று நினைத்துச் சனிக்கிழமைதோறும் தேய்த்துக் கழுவினார். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. சோறு வேகும் ஆவி என்றோம். பொயிலரைப் பற்றவைக்க உள்ளே எப்போதும் எரியும் பைலற் சுடர் அடிக்கடி அணைந்தது, காற்று என்றோம். அம்மாவுக்குத் தலையிடி, ஓங்காளம்; குளிர் என்று பனடோல் கொடுத்தேன். அல்பேர்ட்டன் கோயிலில் அரை நாள் இருந்தால் அந்தத் தலையிடி போய்விடும், வீட்டுக்கு வந்தால் திரும்ப வரும். அதற்கும் சாமியின் அருள் என்று ஒரு விளக்கம் கைவசம் இருந்தது. எங்கள் சமையலறையில் எல்லா அறிகுறிக்கும் வேறொரு காரணம் சொல்லிவிடலாம். 38க்கு மட்டும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. கொரோனா காலத்தில் வாங்கிய ஒக்சிசன் மீற்றரை அம்மாவின் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. அதை நம்பக்கூடாது. இலங்கையில் ஏ.எல் உயர்தர வகுப்பில் காபனோரொட்சைட்டு என்று மனனம் செய்த இதே காபன் மொனொக்சைட் வாயு, ஈமோகுளோபினுடன் ஒக்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய இரத்தத்தையும் அந்த விரல் மீற்றர் ஒக்சிசன் உள்ள இரத்தம் என்றே வாசிக்கும். இரத்தப் பரிசோதனைதான் சரியான வழி. அன்றே கூட்டிக்கொண்டு போய்ச் செய்வித்தோம். நல்ல வேளை, அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் வந்த எஞ்சினியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்க முன்னமே காஸ் சேஃப் அட்டையை நீட்டி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எந்தெந்தச் சாதனத்தில் கைவைக்கத் தகுதி என்பது அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. நான் அதுவரை முன்பக்கப் படத்தை மட்டுமே பார்த்து வந்தவன். பொயிலரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புகைக்குச்சி ஒன்றைக் கொளுத்தி, புகை மேலேறும் வாயருகே பிடித்தார். புகை உள்ளே போனது. பிறகு குசினி ஃபேனைப் போடச் சொன்னார். போட்டதும் அந்தப் புகை திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது. ஃபேன், மீன் மணத்தோடு சேர்த்துப் பொயிலரின் புகையையும் அறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பிறகு சுவர்த்துளையைத் தேடினார். கிறிலுக்குள் பிளாஸ்ரிக் பை, பைக்குள் அப்பாவின் பழைய சாரம்.

“தம்பி, குளிர்க்காத்து அதாலைதானே வருது. நான்தான் அடைச்சனான்” என்றார் அம்மா.

ஒக்ரோபரில் 50 பவுண்ட்ஸ் வாங்கிக்கொண்டு ‘சேர்விஸ்’ செய்தவர் பத்து நிமிடத்தில் போனார். மூடியைக் கழற்றவில்லை, மீற்றர் எதையும் வெளியே எடுக்கவில்லை. அவர் வந்தபோது துளை திறந்துதான் இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபேனைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கலாம்.

பழையதைக் கழற்றிவிட்டோம். புதிய பொயிலர் மூடிய வகை, சுவாலையைப் பார்க்கக் கண்ணாடி கிடையாது. அதனால் மஞ்சளா நீலமா என்ற பேச்சே இங்கே இல்லை. குளிரில் வெளிக்குழாயில் வெள்ளையாக ஆவி வரும். அது சாதாரணம், பயப்படாதீர்கள். உள்ளே எரிவது சரியா என்பதைப் புகையை அளக்கும் கருவிதான் சொல்லும். எங்களுக்குக் கிடைத்த துண்டில் காபனீரொட்சைட்டு 9.1 வீதம், காபன் மொனொக்சைட் 70 பிபிஎம், முன்னதற்குப் பின்னது என்ன பங்கு என்ற விகிதம் 0.0008 என்று இருந்தது. 0.004க்கு மேல் போனால் அப்படியே விட்டுப் போக முடியாது என்றார். ஒவ்வொரு வருடமும் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி ஃபைலில் போடுகிறேன். தரத் தயங்குகிறவரை மறுமுறை கூப்பிடுவதில்லை.

அலாரத்துக்குத் திரும்பினால்: பற்றரி உள்ளேயே அடைத்தது, மாற்ற முடியாது, 10 வருடத்தில் முழுப் பெட்டியையும் எறிய வேண்டும். கடையில் எடுக்கும்போது பின்னால் அச்சடித்த ‘மாற்ற வேண்டிய’ திகதியைப் பாருங்கள். தட்டில் பழைய சரக்கும் இருந்தது.

லூட்டனில் வாடகைக்கு இருக்கும் தங்கச்சிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். 2022 ஒக்ரோபர் 1 முதல் இங்கிலாந்தில் வாடகை வீட்டில் காஸ் பொயிலர் உள்ள, ஆட்கள் புழங்கும் அறையில் வீட்டு உரிமையாளரே அலாரம் போட வேண்டும் என்பது சட்டம். அவளுடைய வீட்டு உரிமையாளரும் போட்டிருக்கிறார். சத்தம் மட்டும் போடும் வகை.