பெயின்ட் அடிக்காத சுவருக்கு 42,000 ரூபாய்

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள், அதிலும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் சாவியை முதலில் கொடுத்துவிட்டு அட்வான்ஸுக்காகக் காத்திருந்தேன். ஐந்து மாதம் இழுத்தது. அப்படியும் முழுப் பணம் வரவில்லை.

மேடவாக்கம் பக்கம், இரண்டாவது மாடியில் டூ பெட்ரூம் வீடு. 2021 ஜூனில் குடிபோனோம். வாடகை 16,000. அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 1,60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. ஊரே இப்படித்தான் கொடுக்கிறது என்று நாங்களும் கொடுத்தோம்.

ஹவுஸ் ஓனர் ஓய்வு பெற்றவர், பேச்சு அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் முதல் மாதமே ஒரு அறிகுறி தெரிந்தது. ஆபீஸில் எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படிக்கான வரிக் கழிவுக்காக அவருடைய பான் எண்ணைக் கேட்டேன். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் கொடுத்தாக வேண்டும். "அதெல்லாம் எதுக்கு தம்பி, மாசம் 8,300-னு காட்டிக்குங்க, ஒரு லட்சத்துக்குள்ள அடங்கிடும்" என்றார். அட்வான்ஸையும் அக்ரிமென்ட்டில் 50,000 என்று போடச் சொன்னார். என் மனைவிதான் பிடிவாதமாக நின்று முழுத்தொகையையும் எழுத வைத்தாள். அன்றைக்கு அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பெரியவரைச் சந்தேகப்படுகிறாளே என்று.

2024 ஜனவரியில் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. 28-ஆம் தேதியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன், மார்ச் 31 காலி செய்கிறோம் என்று. கட்டைவிரல் குறி போட்டார். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

காலி செய்த அன்று லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தார். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகச் சுற்றினார். ஆணி அடித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். ஹாலில், பூஜை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் என் மகனின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம், பக்கத்தில் தேதியோடு. அதைக் குனிந்து படித்துப் பார்த்து, "பையன் நல்லா வளர்ந்துட்டான்" என்று சிரித்தார். அப்புறம் அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அட்வான்ஸைக் கேட்டதற்கு, "ரெண்டு நாள்ல அக்கவுன்ட்ல போட்டுடறேன், நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க" என்றார். மூன்று சாவியையும் கையில் கொடுத்தேன். சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை.

ஏப்ரல் முழுக்க எதுவும் வரவில்லை. மே முதல் வாரம் 50,000 வந்தது. கூடவே, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கையால் எழுதிய கணக்கு ஒன்றைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெயின்டிங் இரண்டு கோட்டிங் 42,000. பாத்ரூம் டைல்ஸ் 9,500. கிளீனிங் 6,000. கிச்சன் ஷட்டர் 7,500. எழுத்துப்பூர்வ நோட்டீஸ் தராததால் ஒரு மாத வாடகை (இடையில் ஏற்றியது) 17,500. ஆக 82,500. மீதி 27,500 "அடுத்த டெனன்ட் அட்வான்ஸ் கொடுத்தவுடன்". பென்சில் கோட்டின் போட்டோ பெயின்டிங்குக்கு ஆதாரம். காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் அனுப்பிய மெசேஜ் நோட்டீஸ் இல்லையாம். அதற்குக் கட்டைவிரல் போட்டதே அவர்தான்.

ஆபீஸில் ஒருவர் போலீஸில் புகார் கொடு என்றார். கல்லூரியில் எனக்கு சீனியரான ஒரு வக்கீல் அண்ணன், "ஸ்டேஷனுக்குப் போனா சிவில் மேட்டர்னு திருப்பி அனுப்புவாங்க, பெட்ரோல்தான் செலவு" என்றார். அவரிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் நான் எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று புரிந்தது.

1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது கிடையாது. 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் அதிலேயே ஒரு சந்து இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தால் தவிர. அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தது நமக்கு முக்கியமானது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த டெனன்ட் வருவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நானும் அதுவரை 'பாவம், அவருக்கும் பணம் புரள வேண்டாமா' என்று அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பாக்கியைக் கழிக்கலாம் என்பதுதான் சண்டையே. சட்டத்தின் பின்னிணைப்பில் எந்த வேலை யார் தலையில் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாயை மாற்றுவது, வயரிங், கட்டிடத்தின் பெரிய ரிப்பேர் எல்லாம் ஓனர் பொறுப்பு. வாடகைதாரர் சேதப்படுத்தினால்தான் வேறு கதை. குழாய், வாஷர், ஸ்விட்ச், பூட்டு, வாஷ் பேசின், கிச்சன் சாமான்களின் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. அண்ணன் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் நெளிந்தது. ஏனென்றால் கிச்சன் ஷட்டர் கீல் பெயர்ந்தது உண்மை, என் பையன் அதைப் பிடித்துத் தொங்கித்தான். அந்த 7,500 அதிகம், ஆனால் நான் கொடுக்க வேண்டியது எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. பெயின்ட் மட்டும் சுத்தமாக அவருடையது. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கமாகவே ஆகிவிட்டது, சிலர் அதை அக்ரிமென்ட்டிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும்போது அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். என் அக்ரிமென்ட்டில் பெயின்ட் என்ற சொல்லே இல்லை.

ஆனால் எனக்குப் பலவீனமான இடமும் அதே அக்ரிமென்ட்தான். 20 ரூபாய் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதியது. ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பதிவுச் செலவைத் தவிர்க்க வழிவழியாக எல்லோரும் பதினொரு மாதம் போடுகிறார்கள். புதுச் சட்டத்தில் அந்தத் தந்திரம் எடுபடாது. எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் கீழ் போய் நின்றால், முதல் கேள்வியே "பதிவு எண் எங்கே?" என்பதுதான். எங்களுடையது பதியாதது மட்டுமில்லை, முதல் பதினொரு மாதம் முடிந்த பிறகு புதுப்பிக்கவே இல்லை. வாய்ப்பேச்சில் வாடகையை மட்டும் இரண்டு தடவை ஏற்றினார்.

"கேஷா, டிரான்ஸ்ஃபரா?" என்பது அண்ணனின் அடுத்த கேள்வி. ஒரு லட்சம் வங்கி வழியாகப் போனது, 60,000 ரொக்கம். ரசீது இல்லை. மனைவி எழுத வைத்த அந்த ஒரு வரியும், "அட்வான்ஸ் 1,60,000-ல் கழித்தது போக" என்று அவரே கைப்பட எழுதிய காலண்டர் தாளும்தான் மிச்சம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அண்ணன், "இதை அழிச்சுடாதே, அவரே உனக்கு எழுதிக் கொடுத்த ரசீது இது" என்றார்.

ஜூலையில் வக்கீல் நோட்டீஸ் போனது, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். ஒரு மாதக் கெடு தாண்டியது, வெள்ளையடிப்பது யார் பொறுப்பு, ஜனவரி 28 மெசேஜும் அவர் போட்ட குறியும், பதினைந்து நாளில் தராவிட்டால் வழக்கு. ஒன்றரைப் பக்கம்தான். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது, அதனால் அவசரம் இல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். பச்சைக் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்த நாலாம் நாள் ஓனர் போன் செய்தார். "நமக்குள்ள எதுக்கு தம்பி வக்கீல் எல்லாம்? குடும்பம் மாதிரி பழகினோமே."

குடும்பம் மாதிரிதான் பேரம் நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் இன்னும் 85,000 போட்டார். மொத்தம் 1,35,000. மீதி 25,000-ஐ நான் விட்டுவிட்டேன். சட்டம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு 500 கிலோமீட்டர் ரயிலேறி வர எனக்குத் தெம்பு இல்லை. வெளியூருக்குப் போகிறவன் இதைத்தான் செய்வான் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உள்ளூரில் இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டி, எதை எவ்வளவு கழிக்கிறார் என்று எழுதி வாங்கியிருப்பேன். கடைசி ஈபி பில் கட்டிய ரசீதைக் கையிலேயே வைத்திருப்பேன். போனில் பணம் வந்த சத்தம் கேட்ட பிறகுதான் சாவி. கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. பலர் செய்கிறார்கள், ஆனால் ஓனர் சம்மதித்து ஒரு மெசேஜாவது அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வாடகை பாக்கி வைத்த ஆளாக நாம்தான் நிற்போம்.

போன மாதம், கீழ்வீட்டில் இருந்த அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள், கேக் வெட்டுகிறார்கள். அவர்கள் மாட்டியிருக்கும் கடிகாரம் நான் அடித்த ஆணியில்தான் தொங்குகிறது. கேக்குக்குப் பின்னால், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், நாலு பென்சில் கோடுகள் தேதியோடு அப்படியே இருக்கின்றன. 42,000 ரூபாய்க்கு இரண்டு கோட்டிங் அடித்த அதே சுவர்.

அந்த வீட்டுக்கு வந்திருக்கும் தம்பிக்கு: அந்தக் கோடுகள் என் பையனுடையவை. இன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வையுங்கள், நீங்கள் காலி செய்யும்போது அவை உங்கள் கணக்கில் ஏறிவிடப் போகின்றன.