மாலை வகுப்புக்கு எந்தப் பதிவு: டிரஸ்டா, சங்கமா, செக்‌ஷன் 8 கம்பெனியா?

காசிமேடு பக்கம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஒரு மொட்டை மாடி, ஒரு பலகை, பொறுமையான இரண்டு பேர் போதும். பணம் வர ஆரம்பித்ததும்தான் கதை மாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானம் இருக்காது. பாலிடெக்னிக், காலேஜ் சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டியதும் அதையொட்டிய நாட்களில்தான். அந்தச் சமயத்தில் கட்டணம் கட்ட முடியாமல் போனால் பையன் ஐஸ் உடைக்கப் போய்விடுவான், பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அதற்கு ஒரு நிதி வேண்டும். நிதி என்று வந்தால் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, ரசீது, கணக்கு வழக்கு எல்லாம் வேண்டும்.

நாங்கள் பதிவு செய்தது டிரஸ்ட், அதாவது அறக்கட்டளை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசை பக்கத்து அரசுப் பள்ளிக்குப் பெஞ்சு, கழிப்பறை, கம்ப்யூட்டர் வாங்கித் தருவது மட்டும்தான் என்றால் அமைப்பே வேண்டாம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக நேரடியாகக் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அவர்களிடம் பேசினால் எது தேவை என்று தெரிந்துவிடும். பிள்ளைகளோடு வருடக்கணக்கில் நிற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எங்கள் கூட்டத்தில் முதலில் எழுந்த குரல் சங்கம்தான். வடசென்னையில் அது இயல்பு. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் உருவான வட்டாரம் இது. தெருவுக்கு ஒரு மன்றம், ஒரு படிப்பகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், பதிவு மாவட்டப் பதிவாளரிடம். பெற்றோரையே உறுப்பினர் ஆக்கலாம், அவர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். மனதளவில் எனக்கு இன்றும் பிடித்த அமைப்பு இதுதான்.

செக்‌ஷன் 8 கம்பெனியைப் பரிந்துரைப்பது பெரும்பாலும் ஆடிட்டர்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும், லாபத்தைப் பங்கு போடாத கம்பெனி அது. இரண்டு இயக்குநர் போதும், இந்தியா முழுக்க ஒரே சட்டம். பெரிய நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) அலுவலகத்தில் கொஞ்சம் கூடுதல் மரியாதை உண்டு என்கிறார்கள். நான் கம்பெனி நடத்தியதில்லை, நண்பர்கள் நடத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததுதான். ஆனால் சட்டப்படி சிஎஸ்ஆர் பணம் வாங்க மூன்றுக்குமே வழி உண்டு. வருமான வரிப் பதிவும் மூன்று வருட அனுபவமும் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது எது? தொடங்குகிற செலவைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வருடா வருடம் எவ்வளவு பேப்பர் வேலை, அதை யார் பார்ப்பது? அதுதான் கேள்வி. எங்களில் ஒருவர் துறைமுகத்தில் வேலை, இன்னொருவர் எண்ணூர் பக்கம் ஷிப்ட், ஒரு அக்கா பள்ளி ஆசிரியை. அலுவலகம் வைத்து ஆள் போட வசதி கிடையாது. பேப்பருக்குப் போகிற ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளிடமிருந்து எடுத்த மாலை.

கம்பெனி என்றால் ஒரு ரூபாய் வரவு இருந்தாலும் தணிக்கை கட்டாயம். நிதிக் கணக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கை ஒரு படிவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தாமதத்துக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பு இல்லை. ஆறு மாதம் தவறினால் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 36,000 ரூபாய். எங்கள் நிலைமையில் அது சில பிள்ளைகளின் வருடக் கட்டணம். தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்களுக்கு ஐந்து வருடத் தகுதியிழப்பு. நல்லது செய்ய வந்த ஆசிரியை அக்காவை அந்த ஆபத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சங்கத்தில் அபராதம் அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் வருடாந்திரப் பொதுக்குழு கூட்ட வேண்டும், உறுப்பினர் பட்டியலும் கணக்கும் பதிவாளருக்குப் போக வேண்டும், காலம் முடிந்ததும் நிர்வாகக் குழுத் தேர்தல், ஆள் மாறினால் அதற்கும் தாக்கல். கடலுக்குப் போகிறவர்களையும் மீன் விற்கிற அம்மாக்களையும் ஒரே நாளில் கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) சேர உட்கார வைப்பது சுலபமில்லை. இரண்டு வருடம் விட்டுப்போனால் சேர்த்துத் தாக்கல் செய்ய அலைய வேண்டும். கோஷ்டி சேர்ந்தால் அது தனிப் பாடு.

டிரஸ்டுக்குத் தமிழ்நாட்டில் இப்படி வருடாந்திரத் தாக்கல் கிடையாது. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் அந்த அலுவலகத்தோடு வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது வருமான வரித் துறை மட்டும், அது மூன்று அமைப்புக்கும் பொது. வரவில் 85 சதவீதத்தை அந்த வருடமே அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும். 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் பிரிவு) ரசீது கொடுத்தால் நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் ஏற்ற வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது, அதனால் நாங்கள் ஜிபேதான் கேட்கிறோம். வருமான வரித் துறையில் முதலில் கிடைப்பது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு. அது முடிகிற தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அப்புறம், புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு 80ஜியால் பலன் இல்லை. இளைஞர்களில் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள், அதனால் அதை மட்டும் நம்பி நன்கொடைக் கணக்கு போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் எனக்கு அனுபவம் குறைவு. மூன்று வருடம் இயங்கி, அதில் 15 லட்சம் செலவழித்த பிறகுதான் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கே விண்ணப்பிக்கலாம். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய மாமா அனுப்பினால் வரும். இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கும் உதவலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல எண்ணம், ஆனால் இந்திய டிரஸ்ட் நாட்டுக்கு வெளியே செய்யும் செலவுக்குத் தனி அனுமதி இல்லாமல் வரிவிலக்கு கிடைக்காது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் அந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

டிரஸ்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தட்டிக் கேட்க உறுப்பினர்கள் இல்லை. நிறுவனர் நினைத்தால் குடும்பச் சொத்து போல நடத்த முடியும். இதற்கு மருந்து பத்திரத்தில்தான் இருக்கிறது, அதனால் ரெடிமேட் மாதிரியை நகலெடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அறங்காவலர் பதவிக்குக் கால வரம்பு, ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் கூடாது என்ற நிபந்தனை, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, கலைந்தால் சொத்து வேறொரு கல்வி அறக்கட்டளைக்கே போகும் என்ற வரி, இவை எங்கள் பத்திரத்தில் உண்டு. பெற்றோரில் இருவர் அறங்காவலர்கள். திருத்தம் செய்யும் அதிகாரத்தையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92 வழியாக கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம். நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் வருமான வரித் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதனால் ‘மாலை வகுப்பு’ என்று குறுக்காமல் ‘கல்வி’ என்று அகலமாக எழுதுவது நல்லது.

உங்கள் தெருவில் ஏற்கெனவே ஒழுங்காகக் கூடுகிற மகளிர் குழு இருக்கிறது, மினிட்ஸ் புத்தகம் எழுதப் பழகிய அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றால், டிரஸ்டை விடச் சங்கமே உங்களுக்குப் பொருந்தும். அவர்களிடமே முதலில் கேட்டுப் பாருங்கள்.