‘கப்பல் சரக்கு’ ரோலர் காயில்: ஹாம் நண்பர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

160 மீட்டர் பேண்டுக்கு (1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கீழ் அலைவரிசை) ரோலர் காயில் தேடிக்கொண்டிருக்கும் கடலூர், புதுச்சேரி ஹாம் ரேடியோ நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கைப்பிடியைத் திருப்பினால் ஒரு சின்னச் சக்கரம் கம்பி மேல் உருண்டு காயிலின் அளவை மாற்றும், அதுதான் ரோலர் காயில். போன மாதம் ஒருவரிடம் 6,500 ரூபாய் கொடுத்துப் போலி காயிலை வாங்கி ஏமாந்தேன். அதே படத்தைக் காட்டி அந்த ஆள் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

என் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாடியிலிருந்து 10 மீட்டர் உயரம் ஏறி, அங்கிருந்து 20 மீட்டர் படுக்கையாகப் பின்வீட்டுத் தென்னை மரம் வரை போகிறது என் ஆன்டெனா கம்பி. 1.84 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் என்றாலே 40 மீட்டருக்கு மேல் வரும். குறைகிற நீளத்தைக் காயில்தான் ஈடுகட்ட வேண்டும். கணக்குப் போட்டால் எனக்குச் சுமார் 20 மைக்ரோ ஹென்றி (காயிலின் இண்டக்டன்ஸ் அளவு) வேண்டும். மழை பெய்தாலும், மரம் ஆடினாலும், உப்புக்காற்றில் இணைப்பு பூத்தாலும் ட்யூனிங் நகர்ந்துவிடும். அதனால் நிலையான காயில் போதாது, திருப்பி மாற்றுகிற காயில் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது போனும் இல்லை, கரண்டும் இல்லை. அந்த நாட்களைப் பார்த்தவன் நான். ராத்திரியில் வேலை செய்யும் கீழ் பேண்ட் ஒன்றாவது வீட்டில் தயாராக இருக்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

புதுச்சேரியில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். வெள்ளை செராமிக் ஃபார்மர் (கம்பி சுற்றும் உருளை), அதன் பள்ளங்களில் பளபளவென்று கம்பி, முன்னால் சுற்றுகளைக் காட்டும் மூன்று இலக்க கவுண்டர். “சார், இது கப்பல்ல இருந்து கழட்டினது. 500 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்ல இருந்தது. வெள்ளி முலாம். 28 மைக்ரோ ஹென்றி. ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு” என்றார். 500 கிலோஹெர்ட்ஸ் என்பது ஆபத்தில் கப்பல்கள் உதவி கேட்ட பழைய அலைவரிசை. 1999 பிப்ரவரி 1 முதல் உதவி கேட்கும் புதிய முறை முழுதாக வந்த பிறகு பழைய செட்டுகளைக் கழற்றிப் போட்டார்கள். அதனால் அவர் சொன்னது நம்பும்படி இருந்தது. நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். கடை மாற்றிக்கொண்டிருக்கிறோம், கூரியரில் அனுப்புகிறேன் என்றார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்தால் செராமிக் இல்லை. பிளம்பிங் கடையில் வாங்கும் பி.வி.சி. பைப்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது. விளிம்பில் நகத்தால் சுரண்டினேன், சாம்பல் நிறம் தெரிந்தது. சரி, வேலை செய்தால் போதும் என்று அன்றிரவே மாட்டினேன். கைப்பிடியைக் கடைசி வரை திருப்பியும் நானோவிஎன்ஏவில் (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) டிப், அதாவது ஆன்டெனா ட்யூன் ஆகும் இடம், 1.97 மெகாஹெர்ட்ஸை விட்டு இறங்கவில்லை. நமக்கு அனுமதி உள்ள பகுதி 1.820 முதல் 1.860 வரை. கொஞ்சமும் பக்கத்தில் வரவில்லை.

காலையில் சுற்றுகளை எண்ணினேன்: 26. விட்டம் 5 செ.மீ., சுற்றிய நீளம் 10 செ.மீ. ஹெரால்ட் வீலர் 1928-இல் கொடுத்த சூத்திரம் இன்றைக்கும் இந்த வேலைக்குப் போதும். விட்டத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கி, அதை (45.7 × விட்டம் + 101.6 × நீளம்) என்பதால் வகுக்க வேண்டும். அளவுகள் செ.மீ.இல் இருந்தால் விடை மைக்ரோ ஹென்றியில் வரும். எனக்கு வந்தது 13.6. காயிலை அளக்கும் எல்.சி. மீட்டர் 14.6 காட்டியது. இதே அளவு ஃபார்மரில் 28 வர வேண்டுமென்றால் 37 சுற்று இருக்க வேண்டும். படம் வந்த அன்றே சுற்றுகளை எண்ணிக் கணக்குப் போட்டிருந்தால், பார்சலில் வந்ததோடு ஒப்பிட என்னிடம் ஆதாரம் இருந்திருக்கும். செய்யவில்லை.

இதைவிட மோசம் கம்பி. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த சார் கடலூர் முதுநகரில் இருக்கிறார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எடுத்துப் போனேன். மேசை மேல் கிடந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக் கம்பி மேல் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. “தம்பி, கப்பல் செட்டுல இரும்புக் கம்பியா? நான் வேலை பார்த்த செட்டுல எல்லாம் வேரியோமீட்டர்ப்பா. ஒரு காயிலுக்குள்ள இன்னொரு காயில் திரும்பும். கம்பி மேல ரோலர் உரசுற இடமே இருக்காது” என்றார்.

காந்தம் ஒட்டினால் என்ன என்று புதியவர்கள் கேட்கலாம். 1.8 மெகாஹெர்ட்ஸில் செம்புக் கம்பியிலேயே மின்னோட்டம் மேல்தோலில் 0.05 மி.மீ. ஆழத்துக்குள்தான் ஓடும். இரும்பில் அது இன்னும் மெல்லிய தோலாகச் சுருங்கிவிடும், தடை பல மடங்கு ஏறும். ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய பவர் காயிலைச் சூடாக்கும். இதையும் பார்த்துவிட்டேன். தொடரில் ஒரு சிறிய காயிலைச் சேர்த்து பேண்டுக்குள் கொண்டுவந்து, 50 வாட் கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது) முள் ஆடத் தொடங்கியது, ரோலர் பக்கம் சர்ர் என்று சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ரோலர் நின்ற இடத்தில் பைப் பழுப்பேறிப் பள்ளம் விழுந்திருந்தது. ரோலரை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங் வெறும் பேனா ஸ்பிரிங்.

விற்றவருக்குப் படங்களும் மீட்டர் அளவும் அனுப்பினேன். “எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது” என்று ஒரே வரி. மறுபடி கேட்டதும், யாரிடமும் சொல்லாமல் இருந்தால் 1,000 ரூபாய் தருகிறேன் என்றார். மறுத்தேன், பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இதுவரை வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால் வீடியோ கேளுங்கள். காயிலின் ஒரு முனையிலும் ரோலரிலும் எல்.சி. மீட்டரை மாட்டி, கைப்பிடியை முதலிலிருந்து கடைசி வரை திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எண் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். அதே வீடியோவில் கம்பி மேல் காந்தத்தை வைக்கச் சொல்லுங்கள். உண்மையான சரக்கு வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

என்னை ஏமாற்றியவர் அனுப்பும் படத்தில் காயில் சிவப்பு சிமென்ட் தரையில் இருக்கும், கவுண்டர் 047-இல் நிற்கும், இடது மூலையில் நீல பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு தெரியும். நேற்று நெய்வேலி நண்பர் ஒருவருக்கு வேறொரு நம்பரிலிருந்து அதே படம் வந்திருக்கிறது. விலை இப்போது 7,500.