“ரேகை விழலை, இன்னொருக்கா வைங்க”: 9,500 ரூபாய் போச்சு

ஆதாருக்கு ரேகை வைத்துப் பணம் எடுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அவர்களுடைய பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள். அப்பத்தாவின் கணக்கிலிருந்து 9,500 ரூபாய் போய்விட்டது. தெரிந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

கடை தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், கூடவே ரேகை மெஷின். பேங்க் கிளைக்குப் போனால் பஸ், வரிசை என்று பாதி நாள் போய்விடும். அதனால் முதியோர் பென்ஷனும் நூறு நாள் வேலைக் கூலியும் எடுக்க ஊரில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். அப்பத்தா கேட்டது 1,000 ரூபாய். முதல் தடவை விரல் வைத்ததும் அந்த 1,000 எடுபட்டுவிட்டது. கடைக்காரப் பையன் அதைச் சொல்லவில்லை. “அப்பத்தா, ரேகை விழலை. கையத் துடைச்சுட்டு இன்னொருக்கா வைங்க” என்றான். அப்பத்தா முந்தானையில் துடைத்து நீட்டினார், விரலை அவனே பிடித்து அழுத்தினான். அந்த இரண்டாவது ரேகைக்குப் போனதுதான் 9,500 ரூபாய். கையில் இரண்டு ஐந்நூறு தாளை வைத்து அனுப்பிவிட்டான். சீட்டு கேட்டதற்குப் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டதாம்.

அந்தப் பொய்யை ஏன் நம்பினார் என்று கேட்காதீர்கள். களை பிடுங்கி, மண் சுமந்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை உண்மையிலேயே பல தடவை விழாது. ரேஷன் கடையிலும் அதேதான் நடக்கிறது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் இந்தத் திருட்டு நிற்கிறது.

மெஷின் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஆதார் எண், பேங்க் பெயர், தொகை மூன்றையும் தட்டுவது கடைக்காரர். நாம் தருவது விரல் மட்டும். பின் நம்பரும் கிடையாது, ஓடிபியும் கிடையாது. பேலன்ஸ் பார்க்கவும், மினி ஸ்டேட்மென்ட் எடுக்கவும், பணம் எடுக்கவும் ஒரே ரேகைதான். திரை அவர் பக்கம் இருந்தால் எதற்கு விரல் வைத்தோம் என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். கார்டு வைத்திருப்பவருக்குப் பின் நம்பர், மெசேஜ் என்று எத்தனை பூட்டு! ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற அப்பத்தா சேர்த்த பணத்துக்கு ஒரு பூட்டும் இல்லை.

என்ட்ரி போட்டபோது ஒரே தேதியில் 1,000, அடுத்த வரியில் 9,500. பேங்கில் கேட்டு வாங்கிய விவரத்தில் இரண்டுக்கும் இடையே மூன்று நிமிடம். கடையில் கேட்டால் முதலில் “சர்வர் பிரச்சினை, மூணு நாள்ல திரும்ப ஏறிடும்” என்றான். மறுநாள் “ஆத்தா வாங்கிட்டுப் போயி மறந்துருப்பாக” என்று மாற்றிவிட்டான். எழுபத்தாறு வயதில் ஒரு ரூபாய்க் கணக்கையும் மறக்காதவரைப் பார்த்து! பேங்க் கிளையில், “ரேகை வச்சது உங்க ஆளு, மெஷின் வேற பேங்க்கோடது, அங்க போய்க் கேளுங்க.” கடையில் ஒட்டியிருந்த மெஷின் கம்பெனி நம்பரில் இருபது நிமிடம் பாட்டு, பிறகு கட்.

இதை விடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது இது: வாடிக்கையாளர் பக்கமும் பேங்க் பக்கமும் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், பேங்கிலிருந்து தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது பேங்க். அப்பத்தாவின் கணக்கில் மொபைல் நம்பரே இல்லை, ஒரு மெசேஜும் வரவில்லை. நம்பர் தராதவருக்கு ஏடிஎம் தவிர வேறு மின்னணுப் பரிவர்த்தனை வசதி தரக் கூடாது என்றும் அதே சுற்றறிக்கையில் இருந்தது. அப்படியானால் 9,500 ரூபாய் எந்த வழியில் போனது? இதைத்தான் புகாரில் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கியிருக்கிறேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்து, பேங்க் மேல் வரும் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவேன்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும்: தொகையைத் திரையில் பார்த்த பிறகே விரல் வைக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். “விழலை” என்றால், தோல்வி என்று வந்த திரையைக் காட்டாமல் இரண்டாவது தடவை வைக்கக் கூடாது. சீட்டு இல்லாத கடைக்குப் போகவே வேண்டாம். கணக்கில் பிள்ளைகள் யாருடைய நம்பரையாவது ஏற்றுங்கள். ஆதாரோடு மொபைல் நம்பர் இணைந்திருந்தால் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை, அதாவது ரேகை போன்ற உடல் அடையாளப் பதிவை, லாக் செய்யலாம். தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆதார் ரேகை கேட்கிற மற்ற இடங்களுக்குப் போகும் முன்னும் திறக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பணம் போனது தெரிந்தால் முதலில் சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். கடைக்காரரிடம் பேசிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். “மூணு நாள்ல ஏறிடும்” என்ற பேச்சை நம்பி இரண்டு நாளைத் தொலைத்தோம்.