ஏலக்காய் பில் திரை: ஸ்விங் நிரலை எப்படி அடுக்குவது?

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு ஜாவா மொழியில் திரைகள் வரைய உதவும் ஸ்விங்கில் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடை, ரகம், விலை, பாக்கி எல்லாம் ஒரே திரையில். கம்பம் பக்கத்து ஆட்களுக்குத் தமிழ், உள்ளூர்க்காரர்களுக்கு மலையாளம். இந்த ஒரே திரையை மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஸ்விங்கின் ஜன்னல் கிளாஸான ஜேஃப்ரேமை எக்ஸ்டெண்ட் செய்து (அதை அடிப்படையாக வைத்து நம் கிளாஸை எழுதி), அது உருவாகும்போதே ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் பலரும் தொடங்கும் வழி. நாலைந்து பெட்டிகள் என்றால் அதுவே போதும். கூடக்கூட, லேபிள்கள் மேலே, பட்டன்கள் நடுவில், தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் லிஸனர்கள் அடியில் என்று சேர்ந்துவிடும். எடைப் பெட்டியில் ஒன்றை மாற்ற மூன்று இடங்களுக்கு ஓட வேண்டும்.

நெட்பீன்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளில் இழுத்துப் போட்டுத் திரை வரைவது வேகம். கடைக்காரரை அருகில் உட்கார வைத்தே வரைந்து காட்டலாம். ஆனால் அது எழுதித் தரும் இனிட்காம்பொனென்ட்ஸ் என்ற, திரையை அமைக்கும் நிரல் பகுதியை அங்கே நாம் கையால் தொட முடியாது. கூடவே திரையின் அமைப்பைச் சேமிக்கும் ஒரு ஃபார்ம் கோப்பும் வரும். இரண்டு பேர் ஒரே திரையை மாற்றினால், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் அதை இணைப்பது பெரிய வேதனை.

இப்போது நான் வைத்திருப்பது மூன்றாவது வழி. கடையில் எதை ஒரு வேலையாகப் பார்க்கிறார்களோ, அது ஒரு கிளாஸ். எடைக்கு ஒரு ஜேபேனல் (திரையின் ஒரு பகுதி), பாக்கிக்கு இன்னொன்று. பெட்டி, அதன் லேபிள், அதன் லிஸனர் மூன்றும் அதற்குள்ளேயே. ஜேஃப்ரேமை எக்ஸ்டெண்ட் செய்யத் தேவையில்லை. ஒரு ஜேஃப்ரேமை உருவாக்கி இந்தப் பேனல்களை அதில் சேர்த்தால் சரி. எண் மட்டும் ஏற்கும் பெட்டி பல இடங்களில் வருவதால் அதற்குத் தனி மெத்தட்.

இதில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. எடை மாறினால் தொகை மாற வேண்டும். அதற்காக எடைப் பேனல் தொகைப் பேனலை நேராகக் கூப்பிட்டால் பழைய சிக்கலே திரும்பி வரும். பில் என்று ஒரு மாடல் (கணக்கை மட்டும் வைத்திருக்கும் கிளாஸ்) வைத்து, மாற்றத்தை அறிவிக்க ஜாவா தரும் ப்ராபர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் மூலம் அது எல்லோருக்கும் சேதி சொல்லட்டும்.

மொழிக்கு ரிசோர்ஸ் பண்டில், அதாவது ஒவ்வொரு மொழிக்கும் லேபிள் சொற்களைத் தனி ப்ராபர்ட்டீஸ் கோப்பில் வைப்பது. ஜாவா 9 முதல் அந்தக் கோப்புகளை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 ஆகவே அது படிக்கிறது. தமிழையும் மலையாளத்தையும் அப்படியே தட்டலாம். மொழி மாறினால் லேபிளின் நீளமும் மாறும் என்பதால் இடத்தையும் அளவையும் எண்ணால் நிறுத்தும் செட்பவுண்ட்ஸ் வேண்டாம், கட்டங்களில் அடுக்கித் தானே அளவு பார்க்கும் கிரிட்பேக் லேஅவுட் நல்லது.

ஜாவாவின் இன்னொரு திரைக் கருவியான ஜாவாஎஃப்எக்ஸில், திரையைத் தனிக் கோப்பில் எழுதும் எஃப்எக்ஸ்எம்எல்லும் அழகான வழிதான். ஜாவா 11 முதல் ஜாவாஎஃப்எக்ஸ் ஜேடிகேயோடு (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) வருவதில்லை. தனியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

போன மாதம் சாக்கு எடையைக் கழிக்க ஒரு பெட்டி கேட்டார்கள். எடைப் பேனலில் பெட்டி, பில் மாடலில் ஒரு கழித்தல், பண்டிலில் இரண்டு வரி. பாக்கிப் பக்கம் போகவே இல்லை.