பீன்யா பட்டறைகளில் குவாலிட்டி ஆலோசனைச் சேவை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழைச் சுவரில் மாட்டித் தர பெங்களூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள பீன்யா தொழிற்பேட்டையின் சிறிய சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) பட்டறைகளுக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் வரும் இந்தக் குவாலிட்டி ஆலோசனைச் சேவை வேறு ரகம். ஃபைல் வேலை கடைசியில்தான். முதல் வாரம் ஆலோசகர்கள் ஸ்கிராப் (கழித்துப் போட்ட பீஸ்) தொட்டி பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

ஸ்கிராப் எல்லோர் கண்ணிலும் படும். ரீவொர்க் (மறுபடி செய்து சரிப்படுத்தும் வேலை), திரும்பி வந்த சரக்கைப் பிரித்துப் பார்க்கும் கூலி, அவசர வண்டி வாடகை எல்லாம் வெவ்வேறு கணக்குத் தலைப்பில் ஒளிந்துகொள்ளும். அவற்றைத் தனி ஏட்டில் எழுதவைப்பதே முதல் வேலை.

அடுத்தது அளவுக் கருவி. 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு ±0.02 மி.மீ. டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய இருக்க அனுமதி) என்றால் மொத்தம் 0.04 மி.மீ. கருவி அதில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்ட வேண்டும். 0.02 வெர்னியர் அங்கே உதவாது, 0.001 வரை காட்டும் மைக்ரோமீட்டர்தான். பத்து பீஸை மூன்று பேர், ஆளுக்கு மூன்று தடவை அளந்து கேஜ் ஆர் அண்ட் ஆர் போடுகிறார்கள், அதாவது கருவியாலும் அளக்கும் ஆளாலும் வரும் வித்தியாசம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியை நம்பி பீஸைத் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. சூட்டோடு அளப்பதும் வம்பு: 20 டிகிரி கூடினால் 25 மி.மீ. ஸ்டீல் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெருத்துவிடும்.

சேவையின் உயிர்நாடி கண்ட்ரோல் சார்ட் (அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்கும் வரைபடம்) பயிற்சிதான், அதுவும் தமிழிலேயே நடக்கிறது. ஒவ்வொரு பீஸுக்கும் ஆஃப்செட் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) தட்டும் ஆபரேட்டர் அளவின் சிதறலைக் கூட்டுகிறார், குறைப்பதில்லை. இன்சர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய வெளிவிட்டம் மெல்ல ஏறும். ஏழு புள்ளி தொடர்ந்து ஏறினால் அப்போது தட்டலாம். ஐந்தைந்து பீஸாக 25 குரூப் சேர்ந்த பிறகே, அந்த அளவுகளை வைத்து, எல்லைக்கோடு போடுகிறார்கள். டிராயிங் டாலரன்ஸையே எல்லைக்கோடாக வரையும் பட்டறைகள் உண்டு. அதைச் சார்ட் என்று சொல்லவே முடியாது.

கோளாறு வந்தால் நிரப்பும் திருத்த நடவடிக்கைப் படிவத்தில்தான் சறுக்கல். காரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி எழுதினால் அதே கோளாறு திரும்ப வரும். பிளேட்டிங் (முலாம் பூச்சு) போல வெளியே போகும் வேலையையும் தொடுவதில்லை. 8 மைக்ரான் ஜிங்க் பிளேட்டிங் விட்டத்தில் 16 மைக்ரான் ஏற்றும். டர்னிங்கிலேயே (கடையும்போதே) அதைக் கழிக்காவிட்டால் முழு லாட்டும் போச்சு.

சான்றிதழ் தணிக்கைக் கட்டணம் தனி. சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும், ஆனால் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கைக்கும் காசு எடுத்துவைக்க வேண்டும்.

ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டும் பட்டறைக்குத் தாராளமாகச் சொல்லலாம். நாளுக்கொரு ஜாப் மாற்றுகிறவர்களுக்கு ஒரு பாகத்தில் 25 குரூப் சேரவே சேராது. முதல் பீஸ் சோதனை, கருவி சோதனை இரண்டுக்கு மட்டும் பேசி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.